பிறர் கையில் இருப்பவர்களைப் பாதுகாப்பது எப்படி?

2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களில் பலரைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். எழுந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். அவ்வூர் தர்காவில் தங்கினால் குணமாகும் என்று நம்பி குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த அப்படிப்பட்ட காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை வழக்காக எடுத்தது.

அந்தத் தீயை நினைக்கும்போது என்னை அதிகம் உறுத்துவது, சங்கிலி யாருக்கும் ரகசியமாக இருக்கவில்லை என்பதுதான். காப்பகம் நடத்தியவர்களுக்கும் பணம் கட்டிய உறவினர்களுக்கும் அது தெரியும். ‘ஓடிப்போய்விடுவார், அதனால் கட்டியிருக்கிறோம்’ என்ற பதில் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. பராமரிப்பில் நடக்கும் கொடுமைகளில் பெரும்பாலானவை வெறுப்பில் தொடங்குவதில்லை என்பது என் எண்ணம். பார்த்துக்கொள்பவரின் வசதிக்காகத் தொடங்கி, நாலு நாளில் வழக்கமாகி, பிறகு யார் கண்ணிலும் தவறாகப் படாமல் போய்விடுகின்றன. எனவே மருத்துவமனையோ முதியோர் இல்லமோ நம் வீட்டு அறையோ, ஒரு நோயாளிக்கு எதைச் செய்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது யாருடைய வசதிக்காக?

2018 மே முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறது. மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. உடலைக் கட்டுப்படுத்துவது என்றால், அவருக்கோ பிறருக்கோ உடனடியாக நேரப்போகும் ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான். பொறுப்பில் உள்ள மனநல மருத்துவர் அதற்கு அனுமதி தர வேண்டும். எப்படி, ஏன், எவ்வளவு நேரம் என்பதை உடனே மருத்துவக் குறிப்பில் எழுத வேண்டும். நோயாளியின் சார்பாளருக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கட்டக் கூடாது. கடைசியாகச் சொன்ன இந்த விதியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ‘ஆள் பத்தலைங்க’ என்று இத்தனை காலம் சொல்லி வந்த சாக்குக்கு அது இடமில்லாமல் செய்துவிட்டது. வலுக்கட்டாயமாக மொட்டை அடிப்பதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. சொந்த உடையை உடுத்த விரும்பினால் உடுத்தலாம். பேன் வரும், சீவ நேரமில்லை என்று ஒரு பெண்ணின் முடியை வெட்டித் தள்ளுவது சின்ன விஷயம் இல்லை என்று சட்டம் எழுதியவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

இனி வீட்டுக்கு வருவோம். பக்கவாதம் வந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஒரு பெண் வருகிறார். பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அம்மாவைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு அழைத்துப்போக முடியும், ஆனால் இருபது நிமிடம் ஆகும். டயப்பர் போட்டால் வேலை முடிந்தது. ராத்திரி படுக்கை நனையக் கூடாது என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குறைகிறது. தூக்க மாத்திரை அரை என்றிருந்தது ஒன்றாகிறது. மூக்கில் போட்ட குழாயைப் பிடுங்குகிறார் என்று கையைத் துண்டால் கட்டிலோடு கட்டுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால், நடக்கக்கூடிய ஒரு மனுஷி மூன்று மாதத்தில் நடக்க முடியாதவர் ஆகியிருப்பார்.

நல்ல பராமரிப்பு எப்படி இருக்கும் என்பதற்குப் படுக்கைப்புண்ணை எடுத்துக்கொள்ளலாம். எலும்பு துருத்தி நிற்கும் இடத்தில் உடம்பின் பாரம் விடாமல் அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் நின்று தோல் சாகத் தொடங்கும். பிட்டத்துக்கு மேலே முதுகு முடியும் இடம், இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், கணுக்கால், பின்தலை ஆகியவற்றைத் தினமும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. நம்மைப் போன்ற கருத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. அந்த இடம் பக்கத்துத் தோலைவிடக் கருத்தோ, சூடாகவோ, தொட்டால் கெட்டியாகவோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். ஏர் பெட் வாங்கிவிட்டோம், இனித் திருப்ப வேண்டாம் என்று நினைப்பது தவறு.

திருப்புவதிலும் முறை உண்டு. அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தால் தோள்மூட்டு நழுவும். படுக்கையில் உரசித் தோல் உரியும். இடுப்புக்குக் கீழே குறுக்காக ஒரு விரிப்பை மடித்துப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். தொடுவதற்கு முன் வாயால் சொல்ல வேண்டும்: “பாட்டி, இப்ப உங்களை இடது பக்கம் திருப்பப் போறேன், சரியா?” பதில் பேச முடியாதவரிடமும் சொல்ல வேண்டும். குளிப்பாட்டும்போது கதவைச் சாத்தி, துடைக்கும் இடம் தவிர மற்றதைப் போர்த்தியிருக்க வேண்டும். சாப்பாடு ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய் கொடுத்து, முடிந்ததும் அரை மணி நேரமாவது சாய்க்காமல் வைத்திருக்க வேண்டும். படுத்தபடியே அவசரமாக ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போகும். இவை எதற்கும் பெரிய படிப்பு வேண்டாம், நேரம் மட்டும் வேண்டும்.

அந்த நேரம் கொடுக்கப்படுகிறதா என்பதை அறிய ஒரே வழி எழுதி வைப்பதுதான். கட்டில் பக்கத்தில் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கட்டும். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினார்கள், என்ன சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர் குடித்தார், சிறுநீர், மலம், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, தோலில் புதிதாக ஏதாவது தெரிகிறதா என்பவற்றைச் செய்த உடனே எழுத வேண்டும். ராத்திரி மொத்தமாக உட்கார்ந்து நிரப்புவது பதிவு ஆகாது. டியூட்டி மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த நோட்டு பார்த்துக்கொள்பவரையும் காப்பாற்றும். வேலைக்குச் சேரும் நாளிலேயே நோயாளியின் உடம்பில் இருக்கும் தழும்பு, புண், காதில் கழுத்தில் இருக்கும் நகை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர் முன்னாலேயே எழுதிவிட்டால், பின்னால் மோதிரம் காணோம் என்று ஏழைப் பெண்ணைக் கை காட்ட முடியாது. பென்ஷன், ஏடிஎம் கார்டு, கைநாட்டு விவகாரங்களை அவரிடம் விடவும் கூடாது. கைநாட்டு வாங்குவதில் பெற்ற பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பார்த்துக்கொள்வதாக நிபந்தனை போட்டு எழுதி வாங்கிய சொத்துக்கு, பிறகு பார்த்துக்கொள்ளாமல் விட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம் வழி தருகிறது.

நோட்டு எழுதச் சொல்கிற குடும்பம், எழுதுகிறவர் எப்போது தூங்குகிறார் என்றும் கேட்க வேண்டும். ஒரே ஆளை இரவும் பகலும் வைத்துக்கொண்டு, வார விடுமுறை தராமல், மிச்சத்தைச் சாப்பிடக் கொடுத்துவிட்டு, பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது அநியாயம். தனியாகவே பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கும் மகளுக்கும் இது பொருந்தும். அசந்துபோன கைதான் முதலில் அதட்டும், பிறகு அடிக்கும்.

எதைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும்? மேல்கையில் விரல் பதிந்த மாதிரிக் கன்றிய தடம், மணிக்கட்டில் கட்டிய அடையாளம், உடம்பு திடீரென்று இளைத்துப் போவது, எந்நேரமும் மயக்கம், குறிப்பிட்ட ஒருவர் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்துவது, நாம் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் பக்கத்தில் நிற்பவரே பதில் சொல்வது, ‘இப்ப பார்க்க முடியாது’ என்று அடிக்கடி வாசலிலேயே தடுப்பது. ஒன்றைப் பார்த்ததும் யாரையும் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவருக்கு லேசாகப் பட்டாலே கன்றிவிடும். ஆனால் கேட்க வேண்டும், தேதி போட்டு எழுத வேண்டும், நோயாளியிடம் தனியாகப் பேச வேண்டும்.

ஒருவர் சொன்னால் மட்டும் போதாது, சொல்வதைக் கேட்க ஆள் வேண்டும் என்பதை இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை காட்டியது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் தங்கியிருந்த இடம் அது. அங்கே நடக்கும் கொடுமைகளை மூத்த செவிலியர் ஒருவர் நிர்வாகத்திடமும் கண்காணிப்பு அமைப்பிடமும் எடுத்துச் சொன்னார். பலன் இல்லை. 2011இல் பிபிசி ரகசியக் கேமராவோடு உள்ளே போய்ப் படம் எடுத்து ஒளிபரப்பிய பிறகுதான் மருத்துவமனை மூடப்பட்டது. ஊழியர்கள் 11 பேருக்குத் தண்டனை கிடைத்தது. உள்ளிருந்து ஒருவர் சொல்லும்போதே கேட்டிருந்தால் கேமராவுக்கு வேலையே இருந்திருக்காது. முதியோர் இல்லம் தேடுகிறவர்கள் ஏசி, மெனு பற்றிக் கேட்பதோடு, ‘இங்கே ஒரு ஆயா புகார் சொன்னால் யாரிடம் சொல்வார்? சொன்னபின் அவர் வேலை நிலைக்குமா?’ என்றும் கேட்க வேண்டும்.

புகார் சொல்ல நமக்கும் வழிகள் உண்டு. முதியவர்களுக்கு 14567, குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416, உயிருக்கு ஆபத்து என்றால் 112. மாற்றுத்திறனாளி ஒருவர் கொடுமைப்படுத்தப்படுவதாக நம்பக் காரணம் இருந்தால், யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவருக்குத் தகவல் தரலாம் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். குழந்தைக்கு நடந்த பாலியல் கொடுமை தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும். மறைப்பது போக்சோ சட்டப்படி குற்றம். மருத்துவர், செவிலியர், விடுதிக் காப்பாளர் யாருக்கும் இதில் விலக்கு இல்லை.

உங்கள் பெரியப்பாவோ அத்தையோ இப்போது எங்காவது பிறர் பராமரிப்பில் இருந்தால், இந்த வாரம் ஒருமுறை முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். நோட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அவரிடம் கேட்டுக்கொண்டு போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள். கொஞ்ச நேரம் மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவர் பேசுவதைக் கேளுங்கள்.