இன்ட்ரஸ்டிங்கா, இன்ட்ரஸ்டட்டா? குழப்பும் ‘பார்ட்டிசிபிள்’... எளிய விளக்கம்!

இன்டர்வியூவில் ‘ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்’ என்று சொன்னால், ‘எனக்கு இந்த வேலையில் ஆர்வம்’ என்ற அர்த்தம் வராது. ‘நான் ரொம்ப சுவாரஸ்யமான ஆளு’ன்னு நம்மை நாமே புகழ்ந்துகொண்ட மாதிரி ஆகிடும். சொல்ல வேண்டியது ‘இன்ட்ரஸ்டட்’.

பார்ட்டிசிபிள் என்றால் என்ன?

வினைச்சொல்லில் இருந்து பிறந்து, பெயரடை வேலையையும் பார்க்கும் சொல்தான் பார்ட்டிசிபிள். தமிழில் இதற்கு நெருக்கமானது பெயரெச்சம். ‘ஓடுகிற ரயில்’ என்றால் ‘ரன்னிங் ட்ரெயின்’. ‘உடைந்த கண்ணாடி’ என்றால் ‘புரோக்கன் கிளாஸ்’.

‘ஐஎன்ஜி’யில் முடிவது பிரசென்ட் பார்ட்டிசிபிள். ஸ்கூலில் ‘ஈட், ஏட், ஈட்டன்’ என்று மனப்பாடம் பண்ணினோமே, அதில் மூன்றாவது பாஸ்ட் பார்ட்டிசிபிள்.

நாம் சறுக்குவது எங்கே?

‘எழுதிய பெண்’, ‘எழுதிய கடிதம்’ இரண்டுக்கும் தமிழில் ஒரே ‘எழுதிய’தான். எழுதியது யார், எழுதப்பட்டது எது என்பதை நாமே புரிஞ்சுக்கிறோம். ஆங்கிலம் அப்படி விடாது. ‘ரிட்டன் லெட்டர்’ உண்டு. ‘ரிட்டன் கேர்ள்’ கிடையாது!

உணர்வுகளுக்கும் இதே கணக்குதான். உணர்வை உண்டாக்குவதற்கு ‘ஐஎன்ஜி’, அதை உணர்பவருக்கு ‘ஈடி’. படம் ‘போரிங்’, பார்க்கிற நாம் ‘போர்டு’. வேலை ‘டயரிங்’, செய்கிற நாம் ‘டயர்டு’.

வேறு எங்கே வரும்?

‘ஹேவ், ஹேஸ், ஹேட்’ துணைவினையாக வந்தால், அடுத்து மூன்றாவது வடிவம்தான். ‘ஐ ஹேவ் வென்ட்’ தவறு, ‘ஐ ஹேவ் கான்’ சரி. செயப்பாட்டு வினைக்கும் இதுவே: ‘தி லெட்டர் வாஸ் ரிட்டன்’.

நடந்து வந்த மழை!

‘வாக்கிங் டு தி ஆபீஸ், தி ரெயின் ஸ்டார்ட்டட்’ என்று எழுதினால், ஆபீஸுக்கு நடந்து போனது மழை என்றாகிவிடும். ‘ஆபீஸுக்கு நடந்து போகும்போது மழை வந்தது’ என்பது தமிழில் சரியான வாக்கியம். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதில்தான் சிக்கல். ‘வாக்கிங்’ என்று தொடங்கினால், கமாவுக்கு அடுத்து நடந்தவர் வர வேண்டும்: ‘வாக்கிங் டு தி ஆபீஸ், ஐ காட் வெட்’.

வேலைக்கு மெயில் அனுப்பும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: இந்தச் சொல்லுக்கு உரியவர் அதைச் செய்பவரா, அதற்கு ஆளானவரா? பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துடும்.