அறிவிக்காத ப்ராப்பர்ட்டிக்கு ஓர் அறிவிப்பு

பிஎச்பி கிளாஸ் ஒன்றில் எங்குமே அறிவிக்கப்படாத ப்ராப்பர்ட்டியைக் கேட்டாலும் மதிப்பு கிடைக்கலாம். 2004-இல் வெளியான பிஎச்பி 5 இதற்கு வழி செய்தது. பெயருக்கு முன் இரண்டு அண்டர்ஸ்கோர் போட்ட ‘கெட்’, ‘செட்’ மெத்தட்களை எழுதி வைத்தால், இல்லாத ப்ராப்பர்ட்டியைப் படிக்கும்போதும் அதில் எழுதும்போதும் அவை தாமாக அழைக்கப்படும். இப்படிக் கிடைப்பவையே மேஜிக் ப்ராப்பர்ட்டிகள். லாரவெல் ஃபிரேம்வொர்க்கின் எலொக்வென்ட் மாடல்கள் டேட்டாபேஸ் டேபிளின் காலம்களை இந்த முறையில்தான் தருகின்றன.

வசதிதான். ஆனால் கிளாஸைத் திறந்து பார்ப்பவருக்கு என்னென்ன இருக்கிறது என்று தெரியாது. எடிட்டரும் பெயரை எடுத்துக் கொடுக்காது. ‘மின்னஞ்சல்’ என்பதை ‘மினஞ்சல்’ என்று தட்டிவிட்டால், எலொக்வென்ட் வழக்கமான அமைப்பில் சத்தமில்லாமல் ‘நல்’ என்ற வெற்று மதிப்பைத் திருப்பித் தரும். பிழை வேறெங்கோ போய் வெடிக்கும்.

இதற்கு மருந்து, கிளாஸுக்கு மேலே எழுதும் டாக்பிளாக். ஒரு சாய்கோடும் இரண்டு நட்சத்திரங்களும் போட்டுத் தொடங்கும் கமென்ட் அது. அதற்குள் இப்படி ஒரு வரி:

@ப்ராப்பர்ட்டி இன்ட் $வயது

முதலில் டேக், அடுத்து டைப், பிறகு பெயர். (டேக்கும் டைப்பும் நிஜக் கோடில் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும், $வயது என்ற தமிழ்ப் பெயரை பிஎச்பி அப்படியே ஏற்கும்.) படிக்க மட்டும் கிடைப்பதற்கு டேக்கோடு ‘-ரீட்’ சேர்க்க வேண்டும், எழுத மட்டும் என்றால் ‘-ரைட்’. பின்னது அபூர்வம். மேஜிக் மெத்தட்களுக்கு @மெத்தட் என்ற தனி டேக் உண்டு.

பிஎச்பிக்கு இது வெறும் கமென்ட், ஓடும்போது சரிபார்க்காது. பிஎச்பிஸ்டார்ம் போன்ற எடிட்டர்களும் பிஎச்பிஸ்டான், சாம் போன்ற சோதனைக் கருவிகளும்தான் இதைப் படித்துத் தவறான பெயரைக் காட்டிக்கொடுக்கின்றன. அவையும் எழுதியதை நம்பியே நடக்கின்றன. டேபிளில் காலம் பெயரை மாற்றிவிட்டு டாக்பிளாக்கை மறந்தால், கருவி பழைய பெயரையே சரி என்று சொல்லும். தவறான குறிப்பு, குறிப்பே இல்லாததைவிட மோசம். ஆகவே எலொக்வென்ட் மாடல்களுக்கு இந்த வரிகளைக் கையால் எழுதாமல், டேட்டாபேஸைப் பார்த்து எழுதித் தரும் லாரவெல் ஐடிஇ ஹெல்ப்பரிடம் விடுவது நல்லது.

2022-இல் பிஎச்பி 8.2, அறிவிக்காத ப்ராப்பர்ட்டிகளை ஆப்ஜெக்டில் புதிதாக உருவாக்கினால் எச்சரிக்கத் தொடங்கியது. ‘கெட்’, ‘செட்’ வழியாக நடப்பதை அது தொடவில்லை. 2024-இன் பிஎச்பி 8.4 தந்த ப்ராப்பர்ட்டி ஹுக்குகள், முறையாக அறிவித்த ப்ராப்பர்ட்டிக்குள்ளேயே படிக்கும், எழுதும் கோடை வைக்க இடம் தருகின்றன. அங்கே டைப்பை பிஎச்பியே சரிபார்த்துவிடுவதால் டாக்பிளாக் குறிப்பு தேவையில்லை. பெயர்கள் டேட்டாபேஸிலிருந்து ஓடும்போதுதான் தெரியவரும் கிளாஸ்களுக்கு டாக்பிளாக் இன்னும் வேண்டியிருக்கிறது.