பாட்டி சொல்லும் மதுரைவீரன்

சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்துக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகளிடம், மதுரைவீரன் யார் என்று கேட்டோம். 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்தைச் சொன்னார்கள். அதில் அவன் அரசனின் மகன். செருப்புத் தைக்கும் தம்பதியர் எடுத்து வளர்த்தவன்.

அருந்ததியர் தெருக்களில் பெரியவர்கள் சொல்வது வேறு கதை. அவன் நம் குடிசையிலேயே பிறந்தவன், பொம்மியை மணந்தவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். அரச பிறப்பு பின்னால் ஒட்டியது என்பார்கள்.

படத்தை யூடியூபில் என்றைக்கும் பார்க்கலாம். பாட்டியின் கதை பாட்டியோடு போய்விடும்.

மராட்டியத்தில் கிராமத்துப் பெண்கள் திருகை சுற்றியபடி பாடிய ஒரு லட்சத்துக்கும் அதிகமான பாடல்களைச் சேகரித்திருக்கிறார்கள். தலித் பெண்கள் அம்பேத்கரைப் பாடியவையும் அவற்றில் உண்டு. 'பாரி' எனப்படும் ஊரக இந்திய மக்கள் ஆவணக் காப்பகம் 2017 முதல் அவற்றை இணையத்தில் கேட்கத் தருகிறது.

நம் கையிலும் செல்போன் இருக்கிறது. மாணவர்களே, இந்த விடுமுறையில் பாட்டியிடம் உட்காருங்கள். அனுமதி கேளுங்கள். பெயர், ஊர், தேதியோடு தொடங்குங்கள். குறுக்கே பேசாமல் முழுக்கதையையும் பதியுங்கள். பதிந்ததை அவருக்கே முதலில் போட்டுக் காட்டுங்கள். ஊருக்குப் பகிரலாமா என்பதை அவர் சொல்லட்டும். கதை அவருடையது.