கரை சின்னது... ஆபத்தும் சின்னதா? தனியார் மண் அணைக்கு ‘கிளாஸ்’ போடுவது எப்படி?

பூந்தமல்லி:

சென்னீர்குப்பம், பூந்தமல்லி பக்கம் மழை வலுத்தாலே ஜனங்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘செம்பரம்பாக்கத்துல எத்தனை அடி?’ என்பதுதான். 24 அடி ஆழமும், 3 ஆயிரத்து 645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட அந்த ஏரியை அதிகாரிகள் இரவு பகலாக கண்காணிக்கிறார்கள். ஆனால் தனியார் பண்ணையிலோ, கம்பெனி வளாகத்திலோ மண் கரை போட்டு தண்ணீர் தேக்கினால் அதை யார் பார்ப்பது?

சட்டம் என்ன சொல்கிறது?

அணை பாதுகாப்பு சட்டம் 2021-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி அமலுக்கு வந்தது. 15 மீட்டருக்கு (சுமார் 49 அடி) மேல் உயரமான அணைகள் இதில் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை, கரை நீளம் 500 மீட்டருக்கு குறையாமல் இருப்பது, கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்கு குறையாமல் இருப்பது போன்ற நிபந்தனைகளில் ஒன்று பொருந்தினால் வரும்.

அப்படி வந்துவிட்டால், சொந்தக்காரர் அரசாக இருந்தாலும் சரி, தனியார் கம்பெனியாக இருந்தாலும் சரி, பருவமழைக்கு முன்பும் பின்பும் அணையை சோதிக்க வேண்டும். அவசர கால திட்டமும் கையில் இருக்க வேண்டும். சட்டப்படியான உத்தரவை மதிக்காமல் உயிர்ப்பலி ஏற்பட்டால் 2 ஆண்டு வரை ஜெயில்.

10 மீட்டருக்கு குறைவான குட்டி கரைகள் இந்த வளையத்துக்குள் வராது. சிக்கலே இங்கேதான்.

‘கிளாஸ்’ எதுக்கு?

மத்திய நீர்வள ஆணையத்தின் வழிகாட்டுதலில் அணைகளுக்கு குறைவு, நடுத்தரம், அதிகம், மிக அதிகம் என 4 ஆபத்து வகுப்புகள் உண்டு. இது கரை பலமா, பலவீனமா என்று சொல்லும் மார்க் அல்ல. ஒருவேளை உடைந்தால் கீழே எத்தனை உயிர், எவ்வளவு சொத்து போகும் என்பதற்கான கணக்கு.

கரைக்கு கீழே வயல் மட்டும் இருந்தால் ஆபத்து குறைவு. அதே வயலை பிளாட் போட்டு வீடு கட்டிவிட்டால், கரையில் ஒரு கூடை மண்ணை தொடாவிட்டாலும் ஆபத்து வகுப்பு ஏறிவிடும். வயலெல்லாம் பிளாட் ஆகிவரும் மேற்கு புறநகர் மக்கள் இதை கவனத்தில் வைப்பது நல்லது.

உடைந்த கதைகள்

திண்டுக்கல் வேடசந்தூர் அருகே கொடகனாறு மண் அணை 1977-ல் வெள்ளம் கரைக்கு மேலே வழிந்ததால் உடைந்தது. கான்கிரீட் மேல் தண்ணீர் வழிந்தால் ஓரளவு தாங்கும். மண் கரையோ அரித்துக்கொண்டே போய் அறுந்துவிடும்.

2018 மே 9-ந் தேதி இரவு ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில், சோலாய் என்ற இடத்தில் தனியார் பண்ணை அணை உடைந்தது. தூக்கத்தில் இருந்தவர்கள் உள்பட 40-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

அமெரிக்காவில் 1889-ல் ஜான்ஸ்டவுன் நகரையே அழித்து, 2 ஆயிரத்து 209 பேரை பலி வாங்கியதும் ஒரு தனியார் கிளப்பின் மண் அணைதான். மீன் தப்பிக்கக்கூடாது என்று உபரிநீர் வழியில் வலை அடித்திருந்தார்கள். அதில் குப்பை அடைத்து தண்ணீர் போக வழியில்லாமல் போனது.

எதை பார்க்கணும்?

* கரையின் வெளிப்பக்கம் தெளிவான நீர் லேசாக கசிந்தால் கண்காணிக்க வேண்டும். சேறு கலந்து வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். உடனே நகர வேண்டும்.

* கரை மேல் நீளமான விரிசல், பள்ளம், எலி, நண்டு வளை.

* கரையில் வளர்ந்த பெரிய மரம். அது பட்டுப்போனால் வேர் மக்கி, தண்ணீருக்கு பாதை ஆகிவிடும்.

* கலங்கலை அடைத்து மணல் மூட்டை அடுக்குவது, சுவர் எழுப்புவது.

இதில் எதை பார்த்தாலும் கிராம நிர்வாக அலுவலர், தாசில்தாரிடம் எழுத்து மூலமாக புகார் கொடுக்கலாம். அவசரம் என்றால் மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில அறை எண் 1070. ‘அது தனியார் இடம், நமக்கென்ன’ என்று சும்மா இருந்துவிட வேண்டாம். கரைதான் தனியாருக்கு சொந்தம், உடைந்து வரும் தண்ணீர் வேலி பார்த்து நிற்காது.