எலியின் தோலில் வென்ற மருந்து

உங்கள் புறங்கைத் தோலை இரண்டு விரல்களால் மெல்லக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். எளிதாக மடிந்து மேலெழும்புகிறது அல்லவா? ஸ்க்லெரோடெர்மா என்ற நோய் உள்ளவர்களுக்குத் தோல் அப்படி எழும்பாது. அது தடித்து இறுகிவிடும். விரலை மடக்குவதும் வாயை அகலத் திறப்பதும்கூட அவர்களுக்குச் சிரமம்.

இதற்குக் காரணம் கொலாஜன் என்ற புரதம். நமக்குக் காயம் பட்டால் தோலிலுள்ள சில உயிரணுக்கள் கொலாஜன் இழைகளை உற்பத்தி செய்து காயத்தை மூடும்; வேலை முடிந்ததும் நிறுத்திக்கொள்ளும். இந்த நோயில் அவை நிறுத்துவதில்லை. இழைகள் குவிந்து தோல் இறுகுவதையே ஃபைப்ரோசிஸ் என்கிறோம்.

இதற்கு மருந்து தேட வேண்டுமானால், முதலில் இந்த நோயை ஒத்த நிலை ஓர் எலிக்கு இருக்க வேண்டும். வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1960களில் ஜப்பானிய அறிவியலாளர் ஹமாவோ உமேசாவா, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து பிளியோமைசின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார். அது புற்றுநோய்க்கு உதவியது. ஆனால் சில நோயாளிகளின் நுரையீரலும் தோலும் தடித்து இறுகின. மருத்துவர்களுக்குத் தலைவலியான அந்தப் பக்கவிளைவே ஆய்வாளர்களுக்குக் கருவியானது. 1999இல் தோஷியுகி யாமாமோட்டோவின் குழு, எலிகளின் முதுகுத் தோலில் சிறிதளவு பிளியோமைசினை நாள்தோறும் ஊசிவழி செலுத்தியது. ஏறக்குறைய நான்கு வாரங்களில் அந்த இடம் இறுகியது.

"பாவம் இல்லையா, டீச்சர்?" என்று என் வகுப்பில் யாராவது கேட்காமல் இருந்ததில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். 1959இலேயே ரஸ்ஸல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மூன்று விதிகளை முன்வைத்தனர்: முடிந்தால் விலங்கைத் தவிர், எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை. இன்று ஆய்வகங்கள் இவற்றைக் காட்டித்தான் அனுமதி கேட்கின்றன.

சோதனை அமைப்பு உங்களுக்குப் பழக்கமானதே. ஒரு குழு எலிகளுக்கு வெறும் உப்புநீர். இன்னொன்றுக்குப் பிளியோமைசின் மட்டும். மூன்றாவதற்குப் பிளியோமைசினோடு புதிய மருந்து. இங்கே தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். தோலின் தடிப்பை நுண்ணோக்கியில் அளப்பார்கள். கொலாஜனின் அளவையும் கணக்கிடுவார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மருந்தை எப்போது தொடங்கினார்கள்? முதல் நாளிலேயே கொடுத்தால் அது நோயைத் தடுக்கும் சோதனை. நோயாளியோ தோல் இறுகிய பிறகுதான் மருத்துவரிடம் வருகிறார்! ஆகவே இறுகிய தோலிலும் மருந்து வேலை செய்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

இமாட்டினிப் என்ற இரத்தப் புற்றுநோய் மருந்து இந்த இரண்டு தேர்விலும் தேறியது. கொலாஜன் உற்பத்தியைத் தூண்டும் சில சமிக்ஞைகளை அது தடுக்கிறது. ஏற்கெனவே இறுகிய எலித் தோலும் அதனால் இளகியதாக ஜெர்மனியின் எர்லாங்கன் ஆய்வாளர்கள் 2009இல் தெரிவித்தனர். பிறகு மனிதர்கள். கட்டுப்பாட்டுக் குழு இல்லாத ஓர் ஆய்வில் நோயாளிகளின் தோல் இளகியது, நம்பிக்கை பிறந்தது. ஆனால் 2012இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், 28 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருந்தும் மற்றவர்களுக்குப் போலி மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்தபோது, தோலில் வித்தியாசம் தெரியவில்லை.

முதல் ஆய்வில் தோல் ஏன் இளகியது? இந்த நோயில் பலருக்குக் காலப்போக்கில் தோல் தானாகவே ஓரளவு இளகும். ஒப்பிட ஆள் இல்லாவிட்டால், அந்தப் பெருமை மருந்துக்குப் போய்விடும்.

எலி பொய் சொல்லவில்லை. அதன் முதுகில் ஓர் இடத்தில், சில வாரங்களில், நாம் உண்டாக்கிய இறுக்கம் அது. மனிதரிலோ உடலின் தற்காப்பு அமைப்பே உடலைத் தாக்குகிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, நோய் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. எலியிடம் கேட்ட கேள்வி சிறியது. பதிலும் அந்த அளவுக்குத்தான்.

நிண்டடானிப் என்ற மருந்தின் கதை இன்னும் விசித்திரம். அதுவும் எலித் தோலை இளக்கியது. நுரையீரலும் பாதிக்கப்பட்ட 576 ஸ்க்லெரோடெர்மா நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வந்தது: நுரையீரல் பழுதாகும் வேகம் குறைந்தது. தோலுக்கு, நீங்கள் இப்போது செய்தது போலவே மருத்துவர்கள் உடலின் 17 இடங்களில் கிள்ளிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இட்டார்கள். அதில் மருந்து உண்டவர்களுக்கும் போலி மாத்திரை உண்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.