அக்டோபர் 1: கள்ளுக்கடை மூடிய நாள்

காந்தி ஜெயந்திக்கு டாஸ்மாக் லீவு என்பது ஊரறிந்த செய்தி. அதற்கு முந்தைய நாளுக்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பைச் சேலம் மாவட்டத்துக்காரர்களே மறந்துவிட்டார்கள்.

1937 அக்டோபர் 1. சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு அமலுக்கு வந்தது அன்றுதான். அதுவும் சேலம் மாவட்டத்தில் மட்டும். அப்போது ஆத்தூர் தாலுகாவைச் சேர்ந்திருந்த கெங்கவல்லியின் சுவேத நதிக்கரையிலிருந்து ஓசூர் எல்லைவரை கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் ஒரே நாளில் மூடப்பட்டன.

ஏன் சேலம்? அந்த ஜூலையில்தான் ராஜாஜி மாகாணப் பிரதமர் ஆகியிருந்தார். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி, நகராட்சித் தலைவராகவும் இருந்தவர் அவர். 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, கிராமம் கிராமமாக மதுவிலக்குப் பிரசாரம் செய்தார். சொந்த மாவட்டத்திலேயே சோதித்துப் பார்க்கத் துணிந்தார்.

சட்டம் பனைமரத்தடிவரை வந்தது. பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது, உள்ளே சுண்ணாம்பு தடவினால் காலையில் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். குற்றமா, தொழிலா என்பதை அந்தச் சுண்ணாம்புப் பூச்சுதான் தீர்மானித்தது.

கள், சாராய வரி அரசுக்குப் பெரிய வருமானம். 1938-ல் சித்தூர், கடப்பை, 1939-ல் வட ஆற்காடு என மதுவிலக்கு விரிய விரிய கஜானாவில் துண்டு விழுந்தது. அதை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார் ராஜாஜி. நாட்டிலேயே அது முதல் முயற்சி.

அதே தேதி அவரை மீண்டும் தேடி வந்தது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சென்னையில் முதல்வர் ராஜாஜியே. அவர் மதுவிலக்கு கொண்டுவந்த சித்தூரும் கடப்பையும் அன்று ஆந்திராவோடு போயின.

மதுவிலக்கோ அதற்கு முன்பே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஆளுநர் ஆட்சியில் நிறுத்தப்பட்டிருந்தது. 1948-ல் மாகாணம் முழுவதற்கும் மறுபடி வந்தது. 1971-ல் அதைத் தளர்த்த அரசு முடிவெடுத்தபோது, 92 வயது ராஜாஜி முதல்வர் கருணாநிதியின் வீடு தேடிப் போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலனில்லை; கடைகள் திறந்தன. 1974-ல் கடைகள் மூடப்பட்டன. 1981-ல் மீண்டும் திறக்கப்பட்டன. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது.

விற்பனை வரியோ எந்த ஆட்சியிலும் நிற்கவில்லை. 2007-ல் வாட், 2017-ல் ஜிஎஸ்டி என்று பெயர் மாறி, கெங்கவல்லிக் கடைவீதியில் வாங்கும் சோப்புக் கட்டிவரை வந்துவிட்டது.

மதுவிலக்கு வந்தால் வருமானம் என்னாவது என்று கேட்பவர்களுக்கு 1939-லேயே பதில் சொல்லியாகிவிட்டது. சாராயக் காசுக்கு மாற்றாக வந்த வரியை இன்றும் கட்டுகிறோம். சாராயக் காசும் கஜானாவுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.