எல்லையோரத் தொழில்கள் – 9: பில் எண்ணும் பூட்டும்

தளி, ஓசூர் வட்டாரத்திலிருந்து கர்நாடகத்துக்குச் செல்லும் சரக்குகளின் பில் எண், 2017 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரியின் 46-ஆம் விதிக்கு உட்பட்டதாகும். அந்த எண் 16 எழுத்துகளுக்கு மிகாமலும், தொடர்ச்சியாகவும், ஒரு நிதியாண்டுக்குள் மறுபடி வராமலும் இருக்க வேண்டும். மறுபடி வராமையும் விடுபடாமையும் ஒன்றுபோலத் தோன்றினாலும், பலர் ஒரே நேரத்தில் பில் போடும் கணினியில் இவை இருவேறு சிக்கல்கள்.

அச்சிட்ட பில் புத்தகம் ஒருவர் கையில் இருந்தவரை இச்சிக்கல் எழவில்லை. கணினியிலோ, கடைசி எண்ணைப் படித்து ஒன்றைக் கூட்டுவதே பலரும் முதலில் எழுதும் நிரலாகும். டெஸ்பாட்ச் பிரிவில் இருவர் ஒரே கணத்தில் 456-ஐப் படித்தால், இருவருக்கும் 457 கிடைக்கிறது. ஒரே எண்ணை இருமுறை ஏற்க மறுக்கும் தனித்துவக் கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்தில் விதித்தால் இரண்டாவது பில் தடுக்கப்படும். ஆனால் அதற்குரிய எண்ணை அக்கட்டுப்பாடு தராது.

இதற்காகத் தரவுத்தளங்களிலேயே எண்வரிசை என்னும் வசதி அமைந்துள்ளது. அது ஒருவருக்குக் கொடுத்த எண்ணை மற்றவருக்குக் கொடுப்பதில்லை. ஆயினும், பில் பாதியில் கைவிடப்பட்டாலும் கொடுத்த எண்ணைத் திரும்பப் பெறுவதுமில்லை. வேகத்துக்காக எண்களை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் எஸ்கியூஎல் சர்வர் 2012-இல், சர்வர் திடீரென நின்று மீண்டபின் எண் ஏறக்குறைய 1,000 தாண்டிச் சென்றதுண்டு.

விடுபடாத எண் வேண்டுமெனில், கடைசி எண்ணை ஒரு தனி அட்டவணையில் வைத்து, அவ்வெண் இருக்கும் கிடைவரிசையைப் பூட்டி, எண்ணைக் கூட்டி, பில்லையும் அதே பரிவர்த்தனைக்குள், அதாவது முழுதும் நிறைவேறும் அல்லது முழுதும் கைவிடப்படும் செயல்தொகுப்புக்குள், பதிய வேண்டும். பூட்டு விலகும்வரை மற்றவர்கள் காத்திருக்க நேரும் என்பதே இம்முறையின் விலை. பொருள், அளவு, வரி அனைத்தும் சரிபார்க்கப்பட்ட பின்னரே எண்ணைக் கேட்டால் காத்திருப்பு மிகவும் சுருங்கும்.

பல வரிசைகளையும் விதி அனுமதிப்பதால், ஒவ்வொரு ஆலைக்கும் தனி வரிசை வைத்து நெரிசலைப் பிரிக்கலாம். எல்லைக்கு இருபுறமும் கிடங்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டில் 33 என்றும் கர்நாடகத்தில் 29 என்றும் தொடங்கும் இருவேறு வரிப்பதிவுகள் உள்ளதால், 33/2526/000457, 29/2526/000457 என இரு தனி வரிசைகள் இயல்பாகவே அமையும்.

2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்கள் மற்ற நிறுவனங்களுக்கு எழுதும் பில்களை மின்னணுப் பில்லாக அரசுத் தளத்தில் பதிய வேண்டும். வரிப்பதிவு எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகியவற்றிலிருந்து 64 எழுத்துக் குறியீடு உருவாக்கப்படுவதால், மறுபடி வரும் எண்ணை அத்தளம் ஏற்பதில்லை. ரத்தான பில்களின் எண்ணிக்கையையும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13-ஆம் அட்டவணையில் காட்ட வேண்டும்.

ஆகவே கணினியின் உள் அடையாளத்துக்கு எண்வரிசையும், சட்டம் கேட்கும் பில் எண்ணுக்குப் பூட்டிய அட்டவணையும் என இரண்டையும் பிரித்து வைப்பதே முறையாகும். ஒரே எண்ணை இரு வேலைக்கும் பயன்படுத்தும் நிறுவனம், விடுபட்ட ஒவ்வொரு எண்ணுக்கும் ஆடிட்டரிடம் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

(தொடரும்)